அக்காவின் காலும் மூன்று தரையும்

ஸ்பீக்கர் வாங்கச் சேலத்துக்குப் போனபோது நான் போட்டுக் கேட்கக் கொண்டுபோனது பாட்டு இல்லை. என் அக்கா தரையை மிதிக்கிற சத்தம். கடைக்காரர் அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நாட்களில் என்னை அப்படிப் பார்க்காதவர்கள் எங்கள் வீட்டிலேயே யாரும் இல்லை.

அக்கா கும்மி சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் நாமக்கல் பக்கத்தில் இப்போது கும்மி என்றால் ஊரே கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரைக்கும் பொழுது சாய்ந்ததும் கோவில் திடலில் கூடி ஆடிப் பழகுவார்கள். பழகி முடித்ததும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு அரங்கேற்றம். ஆசிரியை நடுவில் மைக்கோடு நின்று பாட, அவளைச் சுற்றி வட்டத்துக்கு வெளியே வட்டமாக ஜனம் ஆடும். எங்கள் குழுவில் ஜமாப்பும் உண்டு. ஜமாப் என்பது பெரிய மேளம். வெளிவட்டத்தில் ஆடுகிற பெண்ணுக்குப் பாட்டு வரி சரியாகக் கேட்காவிட்டாலும் ஜமாப்பின் அடி கேட்டால் போதும், கால் தானாக விழும்.

பத்துப் பதினைந்து ஊர்களில் திறந்தவெளியில் நின்று பாடிப் பாடி அக்காவின் தொண்டை கெட்டது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் திடலில் கத்திப் பாடக்கூடாது, அறைக்குள் மெதுவாக வேண்டுமானால் கொஞ்சம் பாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன். நம் வீட்டில் ரெக்கார்ட் பண்ணிவிடலாம், திடலில் அதைப் போட்டுவிட்டு நீ நடுவில் நின்று கை காட்டினால் போதும் என்றேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுக் கோழிப்பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக ஏதோ பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்தப் பொழுதுபோக்குக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது.

வீட்டை ஒட்டிப் பழைய தீவன அறை ஒன்று காலியாகக் கிடந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்களிடம் இல்லாத முட்டை அட்டையா? நான்கு சுவரிலும் கூரையிலும் ஓர் இடம் விடாமல் அவரே ஒட்டினார். வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய், "இதாங்க எங்க ஸ்டுடியோ" என்று காட்டுவார். அந்த அறையில்தான் காலை வேளைகளில் அக்கா ஒவ்வொரு பாட்டாக, தொண்டைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, பாடி முடித்தாள். ஜமாப்பையும் தனியாகப் பதிந்து வைத்தோம். இரண்டையும் சேர்த்து எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று சரிசெய்கிற வேலை என்னுடையது.

அதைச் செய்ய என்னிடம் இருந்தது வீட்டு டிவிக்கு வாங்கிய ஹோம் தியேட்டர். கீழே, கனத்த சத்தத்துக்கென்றே ஒரு பெரிய பேஸ் பெட்டி. போட்டால் ஜன்னல் கதவு ஆடும். எங்கள் பக்கத்தில் நல்ல ஸ்பீக்கர் என்பதற்கு ஒரே அடையாளம் அதுதான். போர்வெல் போடுகிற ரிக் லாரியாகட்டும், ஈரோடு போகிற தனியார் பஸ்ஸாகட்டும், பாட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் சீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பெட்டியில் ஜமாப் அக்காவின் குரல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் ஜமாப்பைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். குரலும் மேளமும் அழகாகப் பொருந்தின.

அரங்கேற்றத்தன்று திடலில் அது பல்லைக் காட்டியது. முதல் பாட்டு மெதுவானது, சமாளித்துவிட்டார்கள். இரண்டாவது பாட்டு வேகமெடுக்கிற இடத்தில் வெளிவட்டம் குழம்பியது. ஒருத்தி குதிக்கிறாள், பக்கத்திலிருப்பவள் திரும்புகிறாள், சின்னப் பிள்ளைகள் நின்றே விட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் மட்டும் வந்தது. ஜமாப் இருந்த இடத்தில், அட்டைப்பெட்டியை யாரோ விரலால் தட்டுவது போல ஒன்று. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஓடிப்போய்ப் பேஸை ஏற்றச் சொன்னேன். "ஏத்தியாச்சுங்க, அதுல இருந்தாத்தானுங்க வரும்" என்றார். திரும்பிப் பார்த்தபோது அக்கா மைக்கைக் கையில் எடுத்திருந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் பாடி, வட்டத்தைச் சேர்த்துப் பிடித்து, அரங்கேற்றத்தை முடித்துக்கொடுத்தாள். மறுநாள் காலையில் அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

இனி ஒரு தரம் இப்படி நடந்தால் பேச்சுக்கூடத் திரும்பாது என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அடுத்த அரங்கேற்றம் பங்குனியில் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். "அக்காளுக்கு ஓய்வு வேணுமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒருத்தர் நல்லாச் சொல்லித் தராராமா. பங்குனிக்கு மட்டும் அவரக் கூப்பிட்டுக்கலாமுங்களா?" என்று இனிக்க இனிக்கக் கேட்டார்கள். பங்குனிக்கு மட்டும் வருகிற ஆசிரியர் வைகாசிக்கும் வருவார், ஆடிக்கும் வருவார். அக்கா சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவர்கள் போனபிறகு என் காதருகே வந்து காற்றுக் குரலில் சொன்னாள்: "கொரலு போனாப் போகுது சாமி. கும்மி என்னைய உட்டுப் போயிரக்கூடாது."

அவள் மறுபடி பாட முடியாது. பாடிவைத்தது பத்திரமாக இருக்கிறது. மேளமும் இருக்கிறது. அவற்றைச் சேர்த்த இடத்தில்தான் தப்பு. அப்படியானால் அதைச் சரிசெய்வேன், பங்குனியில் என் அக்காதான் நடுவில் நிற்பாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஜமாப்பை நேரிலேயே அடிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அடித்தும் பார்த்தோம். அக்கா பாடும்போது அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து அடிக்கிறவர் எங்கள் ஜமாப்காரர். பெட்டிக்குள் இருந்து வருகிற குரலுக்கு யார் முகத்தைப் பார்த்து அடிப்பார்? பாவம், பாதியில் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

திடலில் கெட்டுப்போன பாட்டை எடுத்துக்கொண்டு போனில் கேட்டேன், முட்டை வேனில் கேட்டேன், ஹெட்போனில் கேட்டேன். எல்லாவற்றிலும் மேளம் சோப்ளாங்கியாகத்தான் இருந்தது. ஹோம் தியேட்டரில் மட்டும் அமர்க்களமாக இருந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டுகிற ஸ்பீக்கரை நம்பி நான் மேளத்தைக் குறைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது பேஸ் அதிகமாக வருகிற ஸ்பீக்கர் இல்லை. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவை மட்டும் சொல்கிற ஸ்பீக்கர். பதிவுக் கூடங்களில் அதற்கென்றே மானிட்டர் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். ஹெட்போனிலேயே வேலையை முடித்துவிடலாம் என்றும் முயன்றேன். மேளம் காதுக்குள் கேட்கிறதே தவிர, காற்றில் வந்து நெஞ்சில் எவ்வளவு விழும் என்று அதில் பிடிபடவில்லை.

ஆனால் எந்த ஸ்பீக்கர் உண்மை சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கம்பெனியும் தன்னுடையது உண்மை என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறது. தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்கச் சொல்கிறார்கள். பாட்டைப் போட்டால் மனசு பாட்டின் பின்னால் போய்விடுகிறது, காது சும்மா உட்கார்ந்துவிடுகிறது. அக்காவிடம் புலம்பினேன். அவள் கேட்டுக்கொண்டே கும்மிக்கு மிதிப்பது போல வலது காலைத் தரையில் ஒரு மிதி மிதித்து, கையை விரித்தாள். காலுக்குத்தானே கேட்க வேண்டும் என்று அர்த்தம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே மைக்கைத் தரைக்கருகில் வைத்து அவளை மிதிக்கச் சொன்னேன். முதலில் வாசலுக்கு வெளியே மண் தரையில். பிறகு தீவனக் கொட்டகையின் சிமெண்ட் தரையில். கடைசியாகத் தண்ணீர் போகிற வாய்க்கால் மேல் பாலமாகப் போட்டிருக்கும் பலகைக் கல்லில். அதே கால், அதே வேகம். மண்ணில் மிதித்தால் ஒரு கனமான சத்தம் எழும்பி உடனே மண்ணுக்குள்ளேயே போய்விடும். சிமெண்டில் அடி கூர்மையாக விழும், கனம் குறைவு. பலகைக் கல்லில் அடியில் காலியிடம் இருப்பதால் ஆழமாக ஒரு முழக்கம் வந்து கொஞ்ச நேரம் நிற்கும். இந்த மூன்றையும் மூன்றாகச் சொல்கிற ஸ்பீக்கர் ஜமாப்பையும் சரியாகச் சொல்லும். மூன்றையும் ஒன்றாக ஆக்கிவிடுகிற ஸ்பீக்கர் பொய் சொல்கிறது. எனக்கு வேறு பரீட்சை தேவைப்படவில்லை.

சேலத்தில் அந்த முதல் கடையில் என்னை உட்காரவைத்து எட்டு அங்குல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் சினிமாப் பாட்டு போட்டார்கள். கண்ணாடி அலமாரி கிலுகிலுத்தது. "பேஸ் எப்படி மேடம்?" என்றார் கடைக்காரர், தானே செய்த மாதிரி. என் சத்தத்தைப் போடச் சொன்னேன்.

"இது என்ன மேடம் சத்தம்?"

"எங்க அக்கா மிதிக்கிறாங்க."

"எதை மேடம்?"

"தரையைத்தாங்க. போடுங்க."

மண், சிமெண்ட், கல் மூன்றும் தொம், தொம், தொம் என்று ஒரே குரலில் வந்தன. இன்னொரு ஜோடி போட்டார். அதில் தொம் இன்னும் பெரிதாக வந்தது. "சத்தம் பிரமாதமா வருது பாருங்க" என்றார். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஈரோட்டில் ஒரு கடையில் பாட்டு இல்லாமல் ஸ்பீக்கரைச் சோதிக்க முடியாது என்று சொல்லி, கால் சத்தம் இருந்த போனைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். வரும்போது ஏறிய பஸ்ஸில் சீட்டுக்கடியில் பேஸ் பெட்டி. திருச்செங்கோடு வரைக்கும் அதன்மேல் உட்கார்ந்து வந்தேன். என் வயிற்றெரிச்சலுக்கு அது வேறு.

மறுபடி சேலம். இந்தத் தடவை ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடை. மேல் தட்டில் ஒரு ஜோடி தூசி படிந்து இருந்தது. பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. மற்றவை எல்லாவற்றிலும் முன்னாலோ பின்னாலோ காற்று வர ஒரு ஓட்டை இருந்தது. இது முழுக்க மூடிய பெட்டி. ஓட்டை வைத்தால் பேஸ் கூடும், ஆனால் அடி விழுந்து முடிந்தபிறகும் பெட்டி சிறிது நேரம் முனகிக்கொண்டே இருக்கும் என்று படித்திருந்தேன். அதை இறக்கச் சொன்னேன். "அதுல பேஸே வராதுங்க மேடம். வாங்கிட்டுப் போன ரெண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க" என்றார் அவர், நல்ல மனசோடுதான்.

போட்டார். மண் தரையில் கால் விழுந்தது. விழுந்து மண்ணுக்குள் போனது. சிமெண்டில் விழுந்தது, அது வேறு கால் மாதிரி இருந்தது. பலகைக் கல்லில் விழுந்தபோது எங்கள் வாய்க்காலின் காலியிடம் அந்தச் சந்துக் கடைக்குள் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பயந்துபோய் விசிறியை என் பக்கம் திருப்பினார். இதையே கட்டிக் கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து முட்டை அட்டை அறையில் இரண்டையும் பொருத்தி, அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெருமையாகப் போட்டேன். தொம், தொம், தொம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். கடையில் பெட்டியை மாற்றிக் கட்டிவிட்டார்களோ என்று எண்களைச் சரிபார்த்தேன். அதேதான். கோபத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கோழிக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் வைத்து மறுபடி போட்டேன். மண், சிமெண்ட், கல் மூன்றும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டன. உள்ளே கொண்டுபோனேன். ஒன்றாகிவிட்டன. அப்படியானால் பொய் சொல்வது ஸ்பீக்கர் இல்லை, என் அறை. வெளியிலேயே வைத்து வேலை செய்யலாம்தான். ஆனால் ஜமாப்பைக் கொஞ்சம் ஏற்றியதும் கொட்டகையில் கோழிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வீட்டுக்காரர் ஓடிவந்தார். "ஏம்புள்ள, கோழி மெரண்டா நாளைக்கு முட்டை உடாது. உன்ற மோளத்த உள்ள கொண்டுட்டுப் போ."

உள்ளே பாட்டை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். மூலையில் போய் நின்றால் ஜமாப் இடிக்கிறது. நடுவில் வந்தால் காணாமல் போகிறது. சின்ன அறையில் மேளத்தின் கனமான சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி மூலையில் குவிந்துகொள்கிறது. முட்டை அட்டை அதை ஒன்றும் செய்வதில்லை. குரலின் மினுமினுப்பை மட்டும் தின்றுவிட்டுக் கனத்தை அப்படியே விட்டுவைக்கிறது. எவ்வளவு ஒட்டினாலும் அவ்வளவுதான். நான் ஒரு மூலையிலிருந்து பிய்க்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. "எல்லாரும் ஒட்டறாங்க. உனக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

"ஆகாதுங்க மாமா. நீங்களே கேளுங்க" என்று வெளியேயும் உள்ளேயும் கால் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் காதில்லாதவர் இல்லை. கூரையில் இருந்ததை ஏணி போட்டு அவரே பிய்த்தார்.

மூலையை நிரப்ப மெத்தென்று, கனமாக, கூரை உயரத்துக்கு ஏதாவது வேண்டும். கடையில் விற்கிறதை வாங்கக் காத்திருந்தால் பங்குனி போய்விடும். எங்கள் பண்ணையில் குஞ்சுக் கொட்டகையில் பரப்ப உமி மூட்டை எப்போதும் இருக்கும். நெல் உமி காற்றை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ளும். நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கினோம். "பூராவும் ஊட்டுக்குள்ள ஏத்தீட்டா குஞ்சுக எதுல படுக்கும்?" என்று முனகிக்கொண்டே அவர்தான் தூக்கிக் கொடுத்தார். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழுத்து வைத்தேன். மூக்கில் உமித் தூசி ஏறித் தும்மித் தும்மி, கடைசியில் ஒரு காலையில் போட்டேன். உள்ளேயே மூன்றும் மூன்றாகக் கேட்டன. முழுக்க வெளியில் கேட்டது போல இல்லை. ஆனால் இனி இந்த அறை என்னை ஏமாற்றினால் எங்கே ஏமாற்றுகிறது என்று எனக்குத் தெரியும்.

பிறகு வேலை. ஒரு பாட்டைச் சரிசெய்வது, முட்டை வேனில் போட்டுக் கேட்பது, கோவில் குழாயில் போட்டுக் கேட்பது, திரும்பிவந்து திருத்துவது. மேளம் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. இந்த ஸ்பீக்கர் நல்லதை மட்டும் சொல்லவில்லை. அக்காவின் குரலில் அடியில் ஒரு கரகரப்பு, வரி முடிகிற இடங்களில் மூச்சு பிடிபடாமல் நழுவுவது, எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. பாடின காலத்திலேயே அவளுக்கு அவ்வளவு வலித்திருக்கிறது. சுத்தம் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினாள். "இருக்கட்டும் கண்ணு. அதும் நாந்தான" என்றாள். அப்போது அவளுக்குக் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது.

பங்குனியில் திடல் நிறைந்தது. பெருந்துறை ஆசிரியரையும் விருந்தாளியாக அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியும். அதே சவுண்ட் சர்வீஸ், அதே பழைய குழாய்கள். அக்கா நடுவில் போய் நின்றாள். நான் பாட்டை ஓடவிட்டேன். ஜமாப் விழுந்தது. திடலின் கடைசி வரைக்கும் விழுந்தது. முதல் பாட்டில் உள்வட்டம், நடுவட்டம், வெளிவட்டம் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. வேகமெடுக்கிற இரண்டாவது பாட்டு வந்தபோது வெளிவட்டத்தின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கால் பிசகவில்லை.

மூன்றாவது பாட்டில் அக்கா என்னிடம் நடந்து வந்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் கையில் கொடுத்திருந்த மைக்கை என் கையில் வைத்தாள். செருப்பைக் கழற்றி விட்டாள். ஆசிரியையாக ஆன நாளிலிருந்து நடுவில் நின்று பாடியவள், ஒரு நாளும் வட்டத்தில் சேர்ந்து ஆடியதில்லை. வெளிவட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு இடம் பிடித்து நுழைந்துகொண்டாள். குழாயில் அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு ஆடினாள்.

அந்தக் காலின் சத்தத்தை எத்தனை கடைகளில் போட்டுக் கேட்டிருப்பேன்! உலகத்தில் எந்தச் சத்தத்தையும்விட எனக்கு அது நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினேன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மண்ணில் மிதித்தார்கள். ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அதில் எது அக்காவின் கால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.